கம்பெனிப் பூனை

எங்கள் சித்தியின் வேலை போனதற்குச் சளிதான் காரணம் என்று இன்றுவரை வீட்டில் பேச்சு. காரணம் ஒரு பூனை. அது எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரியும்.

தாயில்பட்டியில் அம்மாவும் அவள் தங்கையான சித்தியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டினார்கள். சித்தப்பா இறந்தபின் மல்லாங்கிணற்றில் கொழுந்தன் வீட்டில் குத்திக்காட்டிப் பேசினார்கள் என்று எங்களிடம் வந்தவள் சித்தி. "தண்டச்சோறு தின்னுறேன்னு இங்கனயும் யாரும் சொல்லிரக் கூடாதுக்கா" என்று மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் ஒட்டிய லேபிளில் ஒரு சுருக்கம் இருக்காது.

மைதாப் பசையைத் தின்ன வந்த எலிகள் பெட்டிகளையும் சேர்த்துத் தின்றன. ஒரு பூனையைக் கொண்டுவந்து விடச் சொன்னார் முதலாளி. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு அங்கேயே கிடந்த நான், எங்கள் தெருவில் திரிந்த வெள்ளைப் பூனையைத் தூக்கிப்போய்க் கொடுத்தேன். கொடுத்தேன் என்பது பேச்சுக்குத்தான். அது என் பூனை. எலி பிடித்த நேரம் போக, சித்தி உட்காரும் சாக்கில்தான் சுருண்டு தூங்கும். வேறு சாக்கே அதன் கண்ணில் படாது.

அந்த வாரமே சித்திக்குத் தும்மல் ஆரம்பித்தது. கண் சிவந்து நீராகக் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒன்றும் இருக்காது. "ஏ புள்ள, இது பக்கத்துல வந்தாத்தான் எனக்கு இப்படி வருது" என்று ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். வெளியே தெரிந்தால் பூனையைச் சாக்கில் கட்டிச் சாத்தூரில் விட்டுவிடுவார்கள் என்று நான் அழுத அழுகையில் அவளே பயந்துபோய், "யார்ட்டயும் சொல்லல, போதுமா?" என்றாள்.

தீபாவளி சீசன். லோடு ஏற்றிய லாரிக்கு முதலாளி சூடம் காட்டும் நேரத்தில் சித்தி ஒற்றைத் தும்மல் போட்டாள். சகுனம் சரியில்லை என்று டிரைவரை இறக்கி, தண்ணீர் குடிக்கவைத்து, உட்காரவைத்து அனுப்பினார் முதலாளி. அடுத்த லோடுக்கும் அதே கதை. மூன்றாவது லோடு அன்று பூனையே லாரிக்குக் குறுக்கே போயிற்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலாளி சிரித்துவிட்டார். "அது நம்ம கம்பெனி ஆளுப்பா!"

பூனை நேராக வந்து சித்தியின் காலில் உரசியது. சித்தி தும்மினாள். இதற்கு அவர் சிரிக்கவில்லை.

"ஒனக்கு என்னம்மா செய்யுது?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பூனையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினேன்.

"சளிதாங்க மொதலாளி" என்றாள் சித்தி.

"அப்ப சீசன் முடியுற மட்டும் வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கோ."

நான் வாயைத் திறந்திருக்கலாம். பூனை எங்கு விட்டாலும் பிழைத்துக்கொண்டிருக்கும்.

சீசன் முடிந்து சித்தி திரும்பிப் போனபோது அவள் சாக்கில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்மா எவ்வளவோ தடுத்தும் கேளாமல் சித்தி, கொழுந்தன் வீட்டுக் காட்டிலேயே களை வெட்டப் போகிறேன் என்று மூட்டையைக் கட்டினாள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது பூனையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சித்தி ஒற்றை விரலால் அதன் தலையைத் தடவி, "நல்லாப் பாத்துக்கோ" என்றாள். படியில் கால் வைக்கும்போது தும்மினாள். இறங்கு, தண்ணீர் குடி, கொஞ்சம் உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

நான் சிரித்துக்கொண்டே பூனையின் முன்காலைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்டினேன். இனிமேல் என் பூனையை யாரும் சாத்தூருக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது மட்டுந்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்திருந்தது.