சொட்டாத ஈரம்

நாகர்கோவிலில் மிஷன் லேஸ் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. நாலாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்திருந்ததால், கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சொல்வதை மற்றப் பெண்களுக்குத் தமிழில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் வாரமே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். இஸ்திரி போடும்போது லேஸ் ‘டேம்ப்’ ஆக இருக்க வேண்டும் என்றார் மிஸ்ஸியம்மா. எனக்கு ‘வெட்’ தெரியும். இதுவும் அதுதான் என்று நினைத்து, “நல்லா நனைக்கணுமாம்” என்றேன். பெண்கள் லேஸை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஆவி சீறியது, விரிப்பெல்லாம் தண்ணீர். மிஸ்ஸியம்மா கோபப்படவில்லை. ஒரு லேஸைப் பிழிந்து உதறி, கொஞ்ச நேரம் காற்றில் பிடித்துவிட்டு என் கன்னத்தில் வைத்தார். “டேம்ப்” என்றார். குளிர்ந்தது, ஆனால் கன்னம் நனையவில்லை. அதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் சிரித்துவிட்டாள். அவளுக்கும் என் வயதுதான். தினமும் விடியற்காலையில் பழையாற்றில் குளித்துவிட்டு வரப்பு வழியே நடந்து வருகிறவள்.

“ஏட்டி, இது தெரியாதா? தலைக்குக் குளிச்சிட்டுத் துண்டால துவர்த்துனா முடி முக்காலும் உணங்கியிருக்கும்லா? தொட்டா ஈரம், ஆனா சொட்டாது. அதாக்கும்.”

தன் பின்னலை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதே ஈரம். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் பிரியவில்லை. சாயங்காலம் கோட்டாற்றுக் கடைகளில் வளையல் பார்ப்போம், வாங்க மாட்டோம். எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுப் பேசுவது எங்கள் விளையாட்டு. நமுத்துப்போன முறுக்கு டேம்ப். ஆனிச் சாரலில் தாவணி டேம்ப். அழுகை வரப் பார்த்து வராமல் நிற்கிற கண்ணும் டேம்ப் என்று அவள்தான் சொன்னாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பீருமேட்டில் தேயிலைத் தோட்டத்து வேலை. மறு கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நேரே கூடத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

“மலை எப்பிடிட்டி இருக்கு?”

“அங்க எல்லாம் டேம்புதான் மக்கா. பாயி, போர்வ, தீப்பெட்டி, உப்பு எல்லாம். முடி உணங்கவே செய்யாது. வெயில்ல நம்ம வரப்புல ஒரு தடவ நடந்தாப் போதும்னு இருக்கும்.”

அவளால் சிரிக்க முடிந்தது. ஆனால் என் கையை விடவில்லை.

“நீ ஒரு தடவ அங்க வருவியா?”

“வாறேன்” என்றேன்.

அப்பா அனுப்பவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவளும் வரவில்லை. என்னை அஞ்சுகிராமத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடும்போதெல்லாம் அந்தச் சொல் வாய் வரைக்கும் வரும். அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

ஒருநாள் கோட்டாற்றுச் சந்தையில் அவள் அண்ணனைப் பார்த்தேன். அவளுக்குப் பெண் குழந்தை என்றார்.

“பிள்ள நடக்குதா அண்ணே?”

“இப்பந்தான் பிடிச்சுப் பிடிச்சு நடக்கா.”

அந்த மாதமே ஒரு சின்னக் கவுன் தைத்து, அவர் மலைக்குப் போகும்போது கொடுத்தனுப்பினேன். பிள்ளைக்கு அது அளவாக இருந்ததா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை.