வேப்பமரக் கட்சியும் நீச்சல்குளக் கட்சியும்

வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருக்கும், காது மட்டும் பின் சீட்டில்தான் இருக்கும். என்னைப் போல ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். பின்னால் குடும்பச் சண்டை நடக்கும், சம்பந்தம் பேசுவார்கள், யாராவது மாமியாரைத் திட்டுவார்கள். நாம் ஹாரன் அடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காதவன் போலப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

என் வண்டியில் பதினெட்டு வருஷமாக ஓடுகிற சண்டை வேறு மாதிரி. மே மாத லீவில் ஒரு நாள், பழவேற்காட்டிலிருந்து ஒரு வேன் ஆட்கள் சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் போவார்கள். பூங்கா என்று நான்தான் எழுதுகிறேன், எங்கள் ஊரில் அது வெறும் 'பார்க்'. பாதி வேன் ஏரிக்கரைக் குப்பத்து மீனவர்கள், பாதி வேன் டவுன் முஸ்லிம் குடும்பங்கள். எல்லாருக்கும் அந்தப் பார்க் மேல் உயிர். அதனால்தான் சண்டையும். பார்க் முன்னே மாதிரி இருக்கிறதா, கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டதா? பொன்னேரி வருவதற்குள் ஆரம்பித்தார்களென்றால் திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் ஓயாது.

அலை ஓயட்டும்

பழைய பார்க் கட்சிக்குத் தலைவர் தேவராஜ் அண்ணன். ஏரியில் இறால் வலை கட்டுகிறவர், கடலுக்கும் போவார். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் படகை நிறுத்தி அலையைப் பார்ப்பார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து முடிந்து கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில்தான் படகை விடுவார்கள். அவசரப்பட்டால் படகு கவிழ்ந்துவிடும்.

முதல் வருஷம் பார்க்கில் மிஷின் வைத்து அலை எழுப்புகிற அலைக்குளத்தில், அலை வரப்போகிறது என்று சங்கு ஊதியதும் மொத்த ஜனமும் ஓவென்று தண்ணீருக்குள் ஓடியிருக்கிறது. தேவராஜ் அண்ணன் மட்டும் இரண்டு கையையும் விரித்து, குப்பத்து ஆட்கள் ஆறு பேரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். அலை அடித்தது, ஜனம் குதித்தது, இவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் அடங்கிய பிறகு அண்ணன் கையைக் காட்ட, ஏழு பேரும் இறங்கி அசையாத தண்ணீரில் இடுப்பளவு நின்றிருக்கிறார்கள். குளத்துக்குக் காவல் நிற்கிற விசில்காரர் வந்து, அலை முடிந்துவிட்டது, இனிமேல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றாராம். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை இன்றைக்கும் வேனில் சொல்லிச் சிரிப்பார்கள்: "முகத்துவாரம் நல்லாத்தாம்பா கட்டிகீறீங்க. மீன எப்போ வுடுவீங்க?"

மடவைக் குழம்பு

பிறகு பார்க் ஒவ்வொன்றாக மாறியது. ராட்டினம் இருந்த இடத்தில் ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற ரயில் வந்தது. லுங்கியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். தேவராஜ் அண்ணன் பூப்போட்ட நைலான் டிராயரை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்தார். அதையும் பொறுத்துக்கொண்டார். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்ற வருஷம்தான் மனுஷர் கொதித்துப் போனார். அவர் சம்சாரம் சரோஜாக்கா விடியற்காலையில் எழுந்து மடவை மீன் குழம்பு வைத்து எடுத்து வருவார். அதை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவதுதான் அண்ணனுக்குப் பார்க். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, பார்க்கிங்கில் நிற்கிற வேனிலேயே சாப்பிடுங்கள், தூங்க மட்டும் உள்ளே போங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். நாக்கில் சனி. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதில் குழம்புத் தூக்கு கவிழ்ந்து, குழம்பு சீட்டுக்கு அடியில் ஓடிவிட்டது. சோப்பு, ஊதுபத்தி, எலுமிச்சம்பழம், ஒன்றுக்கும் வாசம் அசையவில்லை. மறுநாள் காலை ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றினேன். பெண்ணுக்கு மாமா பட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "டிரைவர், முகூர்த்தத்துக்குப் போறோமா, மீன் ஏலத்துக்குப் போறோமா?"

பை காத்தவர்

பாத்திமாக்கா டவுனில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். முதல் வருஷத்திலிருந்து தன் இரண்டு பெண்களோடு வருகிறார். பதினாறு வருஷம் அவர் பார்க்கில் செய்ததெல்லாம் ஒரே வேலைதான், அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மொத்த வேனுக்கும் பை காப்பது. செருப்பு, செல்போன், மூக்குக்கண்ணாடி எல்லாம் அவர் மடியில். அவர் போடுகிற உடுப்போடு தண்ணீரில் விட மாட்டார்கள். ஆண்கள் குளிக்கிற இடத்தில் அவரும் இறங்க மாட்டார். இதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. நானும் கேட்கவில்லை, அதை நினைத்தால் இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் உள்ளே போனவர்கள் பார்த்தால் வேப்பமரங்கள் நாலையும் காணோம். அந்த இடத்தில் உயரமாகச் சுவர் எழுப்பி, பெண்களுக்கு மட்டும் என்று ஒரு குளம். கைகால் மூடுகிற நீச்சல் உடுப்பும் அங்கேயே கொடுத்தார்கள். பாத்திமாக்காவும் சரோஜாக்காவும் காலையில் உள்ளே போனவர்கள், பார்க் மூடப் போகிறோம் என்று ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள். திரும்பும்போது பாத்திமாக்கா எனக்குப் பின் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மீஞ்சூர் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏரிக்கரையிலயே பொறந்து வளந்தேன் தம்பி, கழுத்தளவு தண்ணியில நின்னது இன்னிக்குத்தான். தண்ணி ஆளத் தூக்குது. இத ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

இந்த வருஷம் வண்டி இல்லை

வேப்பமரத்தை வெட்டியதைத் தேவராஜ் அண்ணன் மன்னிக்கவே இல்லை. இந்த வருஷம் ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, குப்பத்து ஆட்கள் யாரும் வரவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டார். பாதி வேன் அவர் சொந்தபந்தம். அவர் இல்லையென்றால் அவர்கள் இல்லை, அவர்கள் இல்லையென்றால் வண்டி நகராது. நிழல் இல்லாத இடத்துக்கு வெயிலில் போவானேன் என்பது அவர் நியாயம். அதைத் தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பாத்திமாக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தையல் மிஷின் மேல் கருநீலத் துணியில் இரண்டு நீச்சல் உடுப்பு தைத்து மடித்து வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று சரோஜாக்காவுக்கு. எத்தனை மாதமாக இதே நினைப்பில் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த இரண்டையும் இன்னொரு தடவை மடித்தார். "அண்ணன்கிட்ட நானே பேசுறேன்," என்றார்.

பாடு

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதனால் குப்பங்கள் முறை வைத்து வலை கட்டும். இன்றைக்கு உங்கள் ஆட்கள், நாளைக்கு எங்கள் ஆட்கள். அந்த முறைக்குப் பேர் பாடு. எவ்வளவு இறால் ஓடினாலும் ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் வலை இறக்க மாட்டார்கள். தேவராஜ் அண்ணன் பாடு விஷயத்தில் அணுவளவும் அசையாத ஆள். பக்கத்துக் குப்பத்துப் பாட்டில் வலை இறக்கினான் என்று சொந்தத் தம்பியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்.

நாங்கள் போனபோது அண்ணன் கரையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார். சரோஜாக்கா பக்கத்தில் இறால் பிரித்துக்கொண்டிருந்தார். பாத்திமாக்கா போய் நின்றார், நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பாத்திமாக்கா வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது. அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். "அண்ணே, பதினாறு வருஷம் பார்க்கு உங்க பாடு. நான் கரையில ஒக்காந்து பை காத்தேன். போன வருஷந்தான் என் பாடு வந்துது. ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் குறுக்க வரலாமா?"

அண்ணன் கையில் வலை அப்படியே நின்றுவிட்டது. வேப்பமரம் என்று ஆரம்பித்தார், மேலே போகவில்லை. சம்சாரத்தைப் பார்த்தார். சரோஜாக்கா இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கும் அதே பாடுதான் என்றார். அண்ணன் வலையைத் திரும்பவும் தட்ட ஆரம்பித்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "எத்தினி மணிக்குப்பா வண்டி எடுக்கற?"

சுவருக்கு அந்தப் பக்கம்

வண்டி போனது, ஒரு சீட் காலியில்லை. தேவராஜ் அண்ணன் வந்தாரே தவிர உள்ளே போகவில்லை. கட்சித் தலைவர் அத்தனை சுலபமாக இறங்கி வந்துவிட முடியுமா? என்னோடு பார்க்கிங்கிலேயே, அதை ஒட்டி நிற்கிற அந்தப் புதுச் சுவரின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். வேப்பமர நிழல் வேறு, சுவர் நிழல் வேறு என்று எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. தண்ணீரில் யாரோ யாரையோ தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஒரு பெண் குரல் மூச்சுத் திணறச் சிரித்து, நின்று, மறுபடியும் சிரித்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அப்படியே அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "தம்பி, அது சரோஜா. முப்பது வருஷமா ஒரே வூட்ல கீறோம், இந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்லியேப்பா."

பார்க் மாறியது நல்லதா கெட்டதா என்று இரண்டு கட்சியும் இப்போது என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள், பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் பார்க்கிங்கைத் தாண்டி உள்ளே போகாதவன் ஓட்டு செல்லும் என்றால் என் ஓட்டு அந்தச் சுவருக்குத்தான்.