குப்பைக் கோணிக்குள் ஒரு விசில்

காலடியில் நொறுங்கும் கடலைத்தோல், ஆறிப்போன பாப்கார்ன் வாசனை, ஏசி நின்றதும் கிளம்பும் புழுக்கம்...

மேட்னி முடிந்து லைட் போட்டால் எங்கள் தியேட்டர் இப்படித்தான் வரவேற்கும்.

1999 சம்மர். செகண்ட் பியூசி, அதாவது ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, ஜோகுபாளையம் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அங்கே கிளீனிங் வேலைக்குச் சேர்ந்தேன். பால்கனிக்கு மூன்று பேர். கேஜிஎஃப்பிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஸ்டெல்லா அக்கா, என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவள். சினிமா பைத்தியம் முபாரக். அப்புறம் நான்.

அடுத்த ஷோவுக்கு இருபதே நிமிடம்! மேல் வரிசையில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும். முதலில் சீட் இடுக்கில் கை, பிறகுதான் துடைப்பம். எல்லாம் அவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஓட்டப்பந்தயம் மாதிரி இருக்கும், அவ்வளவு ஜாலி!

ஒன்றுதான் பிடிக்கவில்லை. வரிசைக்கு ஒரு கோணி, அதில் வரிசை எழுத்து எழுதிய அட்டை, அடுத்த ஷோ இன்டர்வல் வரை அதை வெளியே போடக் கூடாது. "குப்பைக்கு எதுக்குக்கா அட்ரஸ்?" என்று கிண்டலடிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹவுஸ்ஃபுல். முபாரக்கை முந்தியே தீருவது என்று ஒரு வெறி. அட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை... கிடைத்த கோணியில் எல்லாம் அள்ளித் திணித்து, பின்வாசலில் குவித்துவிட்டு, "நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று கத்தினேன்.

அடுத்த நிமிடம் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கூடவே ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை.

"பாப்பாவோட காது மெஷின் விழுந்துடுச்சுங்க... ஜே ரோ. அது இல்லன்னா இவளுக்கு ஒண்ணுமே கேக்காது. இன்னொண்ணு வாங்க என்னால ஆகாதுங்க."

ஜே வரிசையைப் பெருக்கியது நான்.

"பயப்படாதீங்க சார். ஜே ரோ கோணி தனியா இருக்கும், ரெண்டே நிமிசம்" என்று அக்கா பின்வாசலுக்குப் போனாள். அங்கே ஏழு கோணி. ஒன்றிலும் அட்டை இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா... நான்தான்..."

"தெரியுது. அழுவுறத அப்பால வெச்சுக்கோ. மொதல்ல கொட்டு."

இரண்டு கோணி துழாவியாயிற்று. இல்லை. மேனேஜர் வந்து நின்றார். "ஜனங்க கேட்ல கத்துறாங்க, பெல் அடிக்கணும்மா."

அப்போதுதான் அந்த அப்பா, "ஆன்லதாங்க இருக்கு. ஏதாச்சும் மேல மூடிக்கிட்டா சன்னமா விசில் அடிக்கும்" என்றார்.

முபாரக் துள்ளினான். "அரே! நக்கோ நக்கோ, யாரும் பேசாதீங்க!"

அக்கா மேனேஜரை மறித்து நின்றாள். "ரெண்டு நிமிசம் பெல் அடிக்காதீங்க சார், விசில் கேக்காது. வோணும்னா நாளையிலேர்ந்து என்னை வேலைக்கு வராதன்னு சொல்லிடுங்க."

தப்பு என்னுடையது. போவதென்றால் அவள் வேலை.

மூன்று பேரும் கோணி கோணியாகக் காதை வைத்தோம். முகமெல்லாம் ஐஸ்கிரீம் பிசுபிசுப்பு. ஆறாவது கோணியில்... கொசு மாதிரி ஒரு சத்தம்!

"இங்க! இங்க!"

ஒரு பாப்கார்ன் பொட்டலத்துக்குள் கிடந்தது. துடைத்து மாட்டியதும் பாப்பா கேட்ட முதல் கேள்வி: "கடைசியில அந்த மாமா அவங்க அம்மாகிட்ட என்ன சொன்னாரு? எனக்குக் கேக்கவே இல்ல."

அந்தப் படத்தைத் தினமும் எட்டிப் பார்ப்பவன் முபாரக். குப்பைக்கு நடுவில் நின்று முழு க்ளைமாக்ஸையும் நடித்தான். ஹீரோ குரல், அம்மா குரல், வாயாலேயே வயலின்! அந்த அப்பா முதலில் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மேனேஜரும் பெல்லை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். யார் வேலையும் போகவில்லை.

இப்போது மாலில் படம் முடிந்து பெயர் ஓடும்போதே, கருப்புக் கவருடன் கிளீனிங் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒரு வார்த்தை பேசக்கூட அவர்களுக்கு நேரமில்லை. ஸ்டெல்லா அக்காவும் முபாரக்கும் எங்கே இருக்கிறார்களோ...

நான் அந்தக் க்ளைமாக்ஸைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் பாத்ரூம் கழுவுவது என் முறை. போன மாதம் அந்தப் படம் டிவியில் வந்தது, விடாமல் பார்த்தேன்.

ஹீரோ அம்மாவின் காலைத் தொடுகிறான், போய்விடுகிறான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.