ரெய்னோவின் அடுப்பில் இரண்டு ரெகுலேட்டர்

ரெய்னோ கோஸ்கெலாவுக்கு ஒரு கிரில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது என்பது எங்கள் கேம்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காகித ஆலையில் பாய்லரோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழித்த மனிதர். ஆள் உயர நெருப்பை அடக்கி ஆண்டவருக்கு, மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும் ஒரு குட்டி அடுப்பு அடங்காது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரிக்காமல் என்ன செய்வது?

அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் இந்தக் கேம்பை நடத்துவது நானும் என் கணவரும். அவர் புல் வெட்டுவார், அடைத்துக்கொண்ட கழிவுக் குழாய்களைக் குத்திவிடுவார். ஆபீசில் உட்கார்ந்து எல்லோரிடமும் சண்டை போடுவது என் வேலை. ஏரிப் பக்கம் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. டிரெய்லர் வீடுகளை இழுத்துக்கொண்டு வருகிற அத்தனை பேருக்கும் என் மேசைமேல் இருக்கும் பழைய டெலிபோன்தான் கதி. அதனால் யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போகாது. ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காதைக் கழற்றி எங்கே வைப்பது?

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை முடிந்து, பிள்ளைகுட்டிகளோடு வந்த கூட்டம் கலைந்த மறுநாள் ரெய்னோ வந்துவிடுவார். தண்ணீரை ஒட்டிய கடைசி இடம் அவருக்கு. அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மனைவி மார்லிஸ்.

மார்லிஸின் அப்பா வீடு வீடாக காஸ் நிரப்பும் லாரி வைத்திருந்தவர். சின்ன வயதிலேயே அந்த லாரியில் ஏறிச் சுற்றியவள் அவள். ஆகவே அந்தக் குடும்பத்தில் வேலைப் பிரிவினை கொஞ்சம் தலைகீழ். ரெய்னோ வண்டி ஓட்டுவார், மீன் சுடுவார். சிலிண்டர், டியூப், ரெகுலேட்டர் எல்லாம் மார்லிஸின் ராஜ்ஜியம். தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற குட்டி காஸ் பாட்டில்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "இது காஸா, சென்ட் பாட்டிலா?" என்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ரெய்னோ ஒரு காரியம் செய்தார். பெண்டாட்டி துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்று டிரெய்லர் வாங்கிவிட்டார். அவள் குதிக்கவில்லை. ஆனாலும் கூடவே சுற்றினாள். சில வருஷங்கள் கழித்து ஒரு காலையில் என் ஆபீசுக்கு வந்து, கிரீன் பே நகரத்திலிருக்கும் தங்கைக்கு போன் போட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒரே இடத்துல நிக்கிற கதவு ஒண்ணு வேணும் வெர்னா எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சண்டையில்லை, சத்தமில்லை. தங்கை கார் கொண்டுவந்தாள், போய்விட்டாள். அந்தக் கார் போன தூசி அடங்கும்வரை ரெய்னோ சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறமும் அவர் வருகிறார். வந்த அன்று சாயங்காலம், ஆறு மணி வாக்கில், சவரம் செய்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்து நிற்பார்.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா வெர்னா? அடுப்பு சரியா எரியல."

பிறகு எனக்குக் கேட்பதெல்லாம் அவர் பக்கத்துப் பேச்சு. "ம், மூடிட்டேன்... ம், ஸ்பேனர் கையிலதான் இருக்கு... எந்தப் பக்கம் திருப்பணும்?... சோப்புத் தண்ணியா, சரி... நீ எப்படி இருக்க?... கால் வலி?... சரி சரி, அடுப்பையே பேசுவோம்." வைத்துவிட்டுப் போகும்போது ஆள் கொஞ்சம் உயரமானது போல இருப்பார்.

கோளாறு ஒன்றும் பெரிதல்ல. டிரெய்லரின் முன்பக்கம் சிலிண்டர் இருக்கிறது. அங்கேயே ஒரு ரெகுலேட்டர் காஸின் வேகத்தைக் குறைத்துத்தான் உள்ளே விடும். பக்கவாட்டில் அடுப்புக்கென்று காஸ் வரும் ஒரு வாய். கிரில் அடுப்பு குட்டி பாட்டிலுக்காகச் செய்தது, அதனால் அதன் கழுத்திலும் ஒரு ரெகுலேட்டர். ஏற்கெனவே குறைந்துபோன காஸை அது மறுபடியும் குறைக்கும். நெருப்பு பிறந்தநாள் மெழுகுவர்த்தி மாதிரி நடுங்கும். அடுப்பிலிருப்பதைக் கழற்றிவிட்டு டியூபை நேராக மாட்டினால் ஜோராக எரியும். இங்கே புதிதாக வருகிற பாதிப்பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஒரு தடவை செய்வார்கள். ரெய்னோ வருஷாவருஷம் செய்தார்.

அது எப்படி என்று எனக்கு ஒரு செப்டம்பரில் தெரிந்தது. அவர் கிளம்பும் நாள். ஆபீசில் மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டைக் கொடுக்கப் போனேன். மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அடுப்பில் அந்த ரெகுலேட்டரை மறுபடியும் மாட்டி, ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தார். பாய்லர்காரருக்கே உரிய கை. ஒரு தடுமாற்றம் இல்லை.

"யோவ் ரெய்னோ, கழட்டினத எதுக்குய்யா திரும்ப மாட்டுற?"

அவர் காது சிவந்துவிட்டது. "அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது வெர்னா" என்றார். "எரியற அடுப்ப எரியலன்னு எப்படிச் சொல்றது?"

அன்றோடு நான் சிரிப்பதை விட்டேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

இந்த வருஷம் ரெய்னோவின் பக்கத்து இடத்துக்கு ஹேரால்ட் என்று ஒருவர் வந்தார். ஒஹையோக்காரர். வீடாகவே மாற்றிய, கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பஸ், அதற்குள் ஒரு பட்டறைக்குத் தேவையான சாமான். கெட்ட மனிதர் இல்லை. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜாதி, அவ்வளவுதான். இந்த ஜாதியால் எனக்கு வந்த தலைவலி கொஞ்சநஞ்சமல்ல.

ரெய்னோ வந்த அன்று சாயங்காலம் நான் விறகுக் கட்டுகளை வண்டியில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ரெய்னோ துண்டும் சவரப் பெட்டியுமாகக் குளியலறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய அடுப்பில் நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஹேரால்ட், கையில் ஸ்பேனரோடு, மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"வாங்க தலைவரே! பாத்தீங்களா? ரெண்டு ரெகுலேட்டர் போட்டு அதோட கழுத்த நெரிச்சு வெச்சிருந்தீங்க. ஒரே திருகு, முடிஞ்சது கதை. மீனக் கொண்டாங்க!"

"அந்த சாமான் எங்க?" என்றார் ரெய்னோ.

"அது இனிமே எதுக்கு உங்களுக்கு? குப்பையில போட்டுட்டேன்."

ரெய்னோ நெருப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க" என்று ஹேரால்டிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கத் தொடங்கினார். சவரம் செய்த முகத்தில் சோப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை போல.

ஹேரால்ட் நகர்ந்ததும் நான் குனிந்து, "சும்மா கூப்பிட்டுப் பேசேன்யா. அடுப்பு கெட்டாத்தான் பேசணுமா?" என்றேன்.

"என்னன்னு சொல்லி? நல்லா எரியுதுன்னா? நல்லா எரிஞ்சா அவ எதுக்கு?"

ஆறு மணி ஆயிற்று. டெலிபோன் சும்மா கிடந்தது. நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணியாகும் நேரத்தில் அது தானாக அடித்தது. தூக்கிப் போட்டது எனக்கு.

"வெர்னா, நான் மார்லிஸ்."

இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட இங்கே கூப்பிட்டதில்லை.

"அவன் வரலியா இந்த வருஷம்?" குரல் ஒரு மாதிரி இருந்தது. "உடம்புக்கு ஏதாவது..."

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கான். பக்கத்து வண்டிக்காரர் ஒருத்தர் அடுப்ப ரிப்பேர் பண்ணிட்டார். ரெகுலேட்டரத் தூக்கி எறிஞ்சுட்டார்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது கேட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா லாரியில வளந்தவகிட்ட கேக்கற கேள்வியா இது? அடுப்புல தானா முளைக்குமா ரெகுலேட்டர், வருஷா வருஷம்?"

"தெரிஞ்சுமா சொல்லிக்கொடுத்துட்டிருந்த? அப்ப அங்க வரச் சொல்லட்டுமா அவன?"

"வேணாம்." உடனே வந்தது பதில். பிறகு மெதுவாக, "வந்தா அந்த டிரெய்லரோட வருவான். ஒரு வாரத்துல வண்டியக் கிளப்புன்னு நிப்பான். மறுபடியும் ஒருதரம் பிரிய என்னால ஆகாது. ஆனா கூப்பிடட்டும் வெர்னா. காலையிலேருந்து போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அந்த ரெகுலேட்டர எங்கிருந்தாவது தேடி எடுத்துக் குடு. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிராத."

வைத்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து நாலு அறை விடலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

குப்பைத் தொட்டிக்குக் கரடி புகாத இரும்பு மூடி. சங்கிலியைக் கழற்றி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பாதி உடம்பை உள்ளே விட்டேன். தர்பூசணித் தோல், காகிதத் தட்டு, நேற்று எரிந்த மத்தாப்புக் குச்சி. ஹேரால்ட் ஓடிவந்தார்.

"அய்யய்யோ, என்னம்மா தேடறீங்க? நான் எடுத்துத் தரேன்..."

"நீங்க செஞ்ச உதவி போதும். போயி உங்க பஸ்ஸத் தொடைங்க."

பாவம், அந்த மனிதருக்கு இன்றுவரை ஒன்றும் புரியவில்லை. கெட்சப் பூசிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது அது. என் பாவாடையிலேயே துடைத்தேன். கோடையில் இங்கே ஒன்பது மணிவரை பகல்தான், ஏரிமேல் வெயில் இன்னும் இறங்கவில்லை. ரெய்னோ அதே நாற்காலியில் இருந்தார்.

"ஒன் சாமான் குப்பையில கெடந்துச்சு. கண்டதப் போடறதுக்கு என் தொட்டிதானா கெடச்சுது?" என்று சண்டைக்காரி மாதிரியே நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். என் பாவாடைக் கறையைப் பார்த்தார். உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துவந்து, சிலிண்டரை மூடி, டியூபைக் கழற்றி, ரெகுலேட்டரை இருந்த இடத்தில் இறுக்கினார். திறந்து பற்றவைத்தார். நெருப்பு எட்டிப் பார்த்து நடுங்கியது. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மனிதர் திருப்தியாகத் தலையாட்டி, குமிழைத் திருப்பி அணைத்தார்.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா வெர்னா?"

"இதையும் கேக்கணுமா? போய்ப் பண்ணு."

ஆபீசில் நான் கணக்குப் பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டேன். மணி ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மார்லிஸ், நான்தான். நேரமாயிருச்சு. அடுப்பு சரியா எரியல."

பழைய டெலிபோன் அது. அந்த அமைதியில் அவள் குரலும் எனக்குக் கேட்டது. "எத்தன தடவ சொல்லியிருக்கேன் ரெய்னோ? மொதல்ல சிலிண்டர மூடினியா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கெங்க ஞாபகம் இருக்கு? மொதல்லேருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு."