சாக்கடையை மறித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைச் "சாந்தமே உருவானவர்" என்று போடச் சொன்னார்கள் சில உறவினர்கள். நான் மறுத்துவிட்டேன். அக்கா கோபக்காரர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

அக்கா பிறந்தது திருச்சி பாலக்கரையில். அப்பா ரயில்வே ஊழியர். நெரிசலான தெருவில் வளர்ந்த அக்கா, வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டார். நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனவர், அத்தானோடு வயலில் இறங்கி எல்லாம் கற்றுக்கொண்டார். ஒரே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார்.

பிறகு அந்த ஊரைப் பேரூராட்சி ஆக்கினார்கள். பேருந்து நிறுத்தத்தில் லட்டு கொடுத்தார்கள். வீட்டு வரி ஏறியது. கிராமங்களுக்கு மட்டுமே உண்டான நூறு நாள் வேலை நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் விடியற்காலை பஸ் ஏறித் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து கட்டட வேலைக்கு நின்றார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைவீதிக்குப் புதிதாகச் சாக்கடை கட்டி, அதைக் கொண்டுபோய்ப் பாசன வாய்க்காலில் விட்டார்கள்.

பயிர் கருகருவென்று வளர்ந்து, கதிர் பிடிக்காமல் சாய்ந்தது. அத்தானுக்குச் சர்க்கரை நோய். அந்தத் தண்ணீரில் நின்று காலில் வந்த புண் ஆறவே இல்லை. கடைசியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அக்கா மனு மேல் மனு கொடுத்தார். "எஸ்டிமேட் போட்டாச்சும்மா, ஃபண்டு வரணும்" என்றார் ஒரு அலுவலர்.

"ஃபண்டு வர்ற வரைக்கும் உங்க சாக்கடை எங்க வயல்லதான் ஓடணுமா சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மறுநாள் அக்காவும் தெருப் பெண்களும் உரச்சாக்கில் மண் நிரப்பிச் சாக்கடை வாயை அடைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் கடைவீதியில் கழிவுநீர் தேங்கியது. அதுவரை எட்டிப் பார்க்காத அதிகாரிகள் எல்லாம் ஜீப்பில் வந்தார்கள்.

"எந்திரிங்கம்மா, கேஸ் ஆயிடும்" என்றார் போலீஸ்காரர்.

"போடுங்க. எங்க வீட்டுக்காரர் கால் போயிருச்சு. அதுக்கு யார் மேல கேஸ் போடுவீங்கன்னு சொல்லிட்டு, அப்புறம் என் மேல போடுங்க."

சாயங்காலம் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். சில வாரங்களில் குழாய் பதித்துச் சாக்கடையைத் திருப்பியும் விட்டார்கள். அக்காவுக்குச் சால்வை போட அவர்கள் வந்தபோதுதான் எங்கே திருப்பினார்கள் என்பது தெரிந்தது. கூலி வேலை செய்பவர்கள் குடியிருக்கும் கீழத்தெருவுக்கு.

அக்கா அப்படிக் கொதித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நம்ம வயலுக்கு வரலல்ல, விடேன்" என்றார் அத்தான்.

"அவங்க வாசல்ல விடுறதுக்கா நான் அங்க உட்கார்ந்தேன்? என்னைச் சாக்கு வச்சு அவங்க தலையில ஊத்தியிருக்கானுங்க."

சால்வையை அவர் வாங்கவில்லை. அதன் பிறகு கீழத்தெருப் பெண்களோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மழைக்காலத்தில் அந்தக் கழிவுநீரில் இறங்கி, அவர்களோடு சேர்ந்து மண்ணை வெட்டி வழிவிட்டார். அந்த வாரமே காய்ச்சல். ஊர்ச் சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை. திருச்சிக்குக் கொண்டுவந்து, கழிவுநீரில் பரவும் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அக்கா பிழைக்கவில்லை.

விதி என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் தயவுசெய்து இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டிவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அக்காவோடு உட்கார்ந்த பெண்களுக்கும், ஸ்ரீரங்கம் படித்துறையில் காரியங்களுக்கு உடனிருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உடலுக்கு மாலை போட்டுப் படமெடுத்துக்கொண்டு போன பெரிய மனிதர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

கீழத்தெருப் பிள்ளைகள் இன்றும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இன்று அக்கா வீட்டில் திதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் அந்த வழியாகப் போங்கள்.

இளைய சகோதரி,
திருவானைக்காவல்