கல்யாண பேனரில் அஞ்சலிப் பூ

சங்கரன்கோவிலில் பேனர் டிசைன் செய்கிறேன். டிசைனர்கள் படங்களைப் பகிரும் வாட்ஸ்அப் குழுவில் வந்த வெள்ளைத் தாமரை பிடித்துப்போய், ஒரு கல்யாண பேனரில் போட்டேன். மண்டப வாசலில் கட்டியதுமே பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"அண்ணாச்சி, எதிர்ச் சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் இதே பூதான் இருக்கு. சம்பந்தி வீட்டார் வாரதுக்குள்ள கழத்திருங்க."

ஓடிப்போய்க் கழற்றினேன். அதே குழுவிலிருந்து வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள்.

இனி சொந்தப் படம்தான் என்று, பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலைப் படமெடுத்தேன். நன்றாக வந்த ஆசையில் குழுவிலும் பகிர்ந்துவிட்டேன். அந்த வாரமே அதுவும் அஞ்சலி போஸ்டரில் ஏறிவிட்டது. யாரைக் குறை சொல்ல, நானும் அப்படி எடுத்தவன்தானே.

இப்போதெல்லாம் கல்யாண ஆர்டர் வந்தால், மண்டபத் தெருவில் சமீபத்தில் யார் இறந்தார்கள் என்று சுவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறேன்.