மாஸ்டர் பேருக்கு வந்த பார்சல்கள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நெட் கபே திறந்த புதிதில், பாடசாலை வேலையாக ஒரு படிவம் எடுக்கத்தான் போனேன். வெளியே வரும்போது சென்னையிலிருந்து நான்கு புத்தகங்களுக்கு ஓடர் கொடுத்திருந்தேன். லுணுகலைக் கடைகளில் பஞ்சாங்கத்தையும் பரீட்சை வழிகாட்டியையும் பார்த்தே வளர்ந்தவனுக்கு முன்னால் அத்தனை அட்டைப்படங்களை வரிசையாகக் காட்டினால் அவன் என்ன ஆவான்? கெட்டுத்தான் போவான்.

பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. இருப்பதை வாசித்துவிட்டுத்தான் அடுத்தது என்று பஸ்ஸில் சத்தியம் செய்வேன். திரையின் முன்னால் உட்கார்ந்ததும் அந்தச் சத்தியம் காற்றில் போய்விடும். உண்மையைச் சொன்னால், வாசிப்பதைவிட வாங்குவதுதான் எனக்கு இனித்தது.

முதல் இரண்டு பார்சலுக்கு என் மனைவி சிரித்தாள். மூன்றாவதற்கு, "இந்த ஒத்தக் காம்பராவுல நாம இருக்கிறதா, புஸ்தகம் இருக்கிறதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், எங்களுக்கிருந்தது ஒரே அறை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

தோட்டத்தில் தபால் நேராக வீட்டுக்கு வராது. ஆபீசுக்கு வரும் கடிதங்களைக் கிளாக்கர் பிரித்துக் கொடுப்பார், தபால்காரர் லயம் லயமாகக் கொண்டுபோவார். நான் கிளாக்கரிடம் போய், "ஐயா, என் பேர் போட்டு எது வந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீங்க. நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றேன். "சரிங்க மாஸ்டர்" என்றவர் தன் மேசைக்கடியில் ஒரு பெட்டியை ஒதுக்கினார். மாதத்துக்கு ஒருமுறை சாக்குப் பையோடு போய் அள்ளி வந்து, பாதியைப் பிரிக்காமலே பாடசாலை அலுமாரியில் பூட்டுவேன்.

அந்த மாதங்களில் அவளும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். சம்பளமில்லாத் தொண்டர் ஆசிரியையாக ஆறு வருஷம் படிப்பித்தவள். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரவேண்டும். வயதெல்லைப்படி அதுவே கடைசி வாய்ப்பு. தபால்காரர் வாசலைக் கடக்கும்போதெல்லாம், "எனக்கு ஏதும் வந்திருக்காண்ணே?" என்பாள். "ஒண்ணும் குடுக்கலையேம்மா" என்பார் அவர். "அரசாங்க வேலை, மெதுவாத்தான் வரும்" என்று நானும் சமாதானம் சொல்வேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அலுமாரிக்கு முன்னால் பையைக் கவிழ்த்தபோது, இரண்டு பார்சல்களுக்கு நடுவிலிருந்து நீளமான அரசாங்க உறையொன்று விழுந்தது. அவள் பெயர். அதற்குக் கீழே என் பெயர். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியாத பெண்களை ஆபீசுக்குத் தெரியாது. அவர்களுக்கு வரும் கடிதத்தில் புருஷன் பெயரோ அப்பன் பெயரோ இருந்தாக வேண்டும். விண்ணப்பத்தில் அப்படி எழுதியவனும் நானேதான். பரீட்சை முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது.

வீட்டுக்குப் போய் உறையை அவள் கையில் கொடுத்தேன். பெட்டியைப் பற்றியும் அலுமாரியைப் பற்றியும் சொன்னேன். நின்றபடியே வாசித்தாள். அவள் கத்தியிருந்தால், என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னும் எத்தன வரணும்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏழு வரவேண்டியிருந்தது.